‘தொழில் இல்லை’ என்று நான் எழுதிய பெண்கள்

மகன்,

முதலில் ஸலாம். சாப்பாடு, தூக்கம், இருமல் எல்லாம் விசாரிக்க இன்று எனக்குப் பொறுமை இல்லை. இன்று திங்கட்கிழமை. நீ வியாழக்கிழமை வருகிறாய். தபாலில் போட்டால் இது உன் கைக்குக் கிடைக்கும்போது நீ வந்து, பார்த்து, அறிக்கையும் எழுதி முடித்திருப்பாய். அதனால் கொப்பியில் எழுதி, பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். தொலைபேசியில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். நேற்றுக் காலை அதற்குத்தான் எடுத்தேன். “உம்மா, வேலையா இருக்கன், பிறகு எடுக்கிறன். ஒண்டு மட்டும் செய்ங்க. வியாழக்கிழமைக்குப் பத்துப் பதினைஞ்சு பொம்பளைகளச் சங்கக் கட்டடத்துக்குக் கூப்பிட்டு வைங்க. ஒரு மணித்தியாலம் கதைச்சாப் போதும்” என்று சொல்லி வைத்துவிட்டாய். பிறகு எடுக்கவும் இல்லை.

அதற்கான பதிலை இப்போது சொல்கிறேன். கூப்பிட்டு வைக்கமாட்டேன். ஏன் என்று சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். கோபப்படாமல் கடைசிவரை வாசி. கோபம் வந்தாலும் வாசி.

சென்ற பெருநாளைக்கு நீ வந்திருந்தபோது, உன் வேலை என்ன என்று வாப்பாவுக்கு விளங்கப்படுத்தினாய். “முதல் போடுறவருக்கு இலாபமும் வரணும் வாப்பா. அந்த முதலால சனத்துக்கு நன்மையும் நடக்கணும். ரெண்டையும் அளந்து காட்டுறதுதான் எங்கட வேலை.” அதற்கென்று ஒரு படிப்புப் படித்து, கண்ணாடிச் சட்டம் போட்ட சான்றிதழும் கொண்டுவந்திருந்தாய். வாப்பா அதை அலுமாரியில் வைத்துப் பூட்டினார். நான் குசினியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன். நீ அளக்கப் படித்திருக்கிறாய். நான் அளக்கப்படுகிற பக்கத்தில் நின்றவள். அங்கே என்ன நடக்கும் என்று உன் படிப்பில் சொல்லித் தந்திருக்கமாட்டார்கள். எனக்குத் தெரியும், ஆனால் அன்று வாய் திறக்கவில்லை. பெருநாள் அன்று வீட்டில் சண்டை வேண்டாம் என்று இருந்துவிட்டேன்.

இப்போது உன் கம்பனியிடம் முதல் கேட்டு வந்திருப்பவர் உன் சாச்சா. வாப்பாவின் கூடப்பிறந்த தம்பி. இங்கே ஐஸ் தொழிற்சாலை வைத்திருப்பவர், இனிக் களப்புக் கரையில் நண்டுத் தொழிற்சாலை கட்டப்போகிறார். அந்தக் கோப்பு உன் மேசைக்கு வந்திருக்கிறது. நீ எழுதும் அறிக்கையை வைத்துத்தான் கொடுப்பதா, விடுவதா என்று முடிவாகும் என்று நீயே சொன்னாய். அவர் உன் சாச்சா என்று உன் மேலதிகாரிக்குச் சொன்னாயா? எங்கள் ஆட்களின் பெயரில் குடும்பப் பெயர் கிடையாது. உன் பெயரையும் அவர் பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினாலும் கொழும்பில் ஒருவருக்கும் சொந்தம் தெரியாது. அதை நம்பி நீ பேசாமல் இருக்கிறாயோ என்று எனக்குப் பயம். நீ வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை, இது உன் முதல் கோப்பு, எல்லாம் எனக்குத் தெரியும். இன்னும் சொல்லவில்லை என்றால் இந்தப் பக்கத்தோடு வாசிப்பதை நிறுத்து. எழும்பிப் போய்ச் சொல்லிவிட்டு வந்து மிச்சத்தை வாசி.

நீ ஓ லெவல் எழுதிய வருடம் ஞாபகம் இருக்கிறதா? அந்த வருடம்தான் ஐஸ் தொழிற்சாலைக்கு வெளிநாட்டுக் கம்பனி ஒன்று முதல் போட முன்வந்தது. உன் கம்பனி போலத்தான், இலாபமும் வேண்டும், நன்மையும் வேண்டும் என்பவர்கள். முதல் போட முன்னர் ஊரில் பெண்களின் நிலைமை என்ன என்று அறிய ஒரு படிவம் அனுப்பினார்கள். மாதர் சங்கத்தின் செயலாளர் நான். மன்னாரில் இருக்கும்போது ஏ லெவல்வரை படித்தவள், கையெழுத்தும் அழகு, ஆகவே படிவமெல்லாம் என் கைக்கு வந்தது. வீடு வீடாகப் போனேன். பெயர், வயது, பிள்ளைகள், அடுத்து தொழில். “தொழில் என்ன?” என்று கேட்டேன். “ஒண்டுமில்ல, வீட்டிலதான்” என்றார்கள். ஒருத்தி கருவாட்டுக்கு உப்புப் போட்டுக்கொண்டே, கை முழுக்கச் செதிலோடு, “ஒண்டுமில்ல” என்றாள். நானும் ‘தொழில் இல்லை’ என்று எழுதினேன். நாற்பத்தொரு படிவம், நாற்பத்தொன்றிலும் அதையே எழுதினேன். என் படிவத்திலும் எழுதினேன், அன்று விடியவே நானும் நெத்தலி காயப்போட்டுவிட்டுத்தான் போயிருந்தேன்.

அந்தக் காலத்தில் எங்கள் கரையில் இருந்த வழக்கம் உனக்கு மறந்திருக்கும். காலையில் வள்ளங்கள் வரும். சிலாபத்திலிருந்து வரும் லொறி நல்ல மீனை எடுத்துக்கொண்டு பத்து மணிக்குள் போய்விடும். லொறி எடுக்காத சூடையும் காரலும் கரையில் கிடக்கும். அதை நிறுக்கமாட்டார்கள், ஏலம் போடமாட்டார்கள். முறை வைத்து, இன்றைக்கு இவள், நாளைக்கு அவள் என்று, கூடைக் கணக்கில் பெண்களுக்குச் சும்மா கொடுப்பது போன்ற விலைக்குக் கொடுத்துவிடுவார்கள். அதைக் கழுவி, கீறி, உப்புப் போட்டு, காயவைத்து விற்றுத்தான் பாதி ஊரில் அடுப்பு எரிந்தது. ஆண்கள் அதைத் தொழில் என்று சொல்லவில்லை, நாங்களும் சொல்லவில்லை. சொல்லாததால் அது என் படிவத்தில் ஏறவில்லை, கொழும்புக்குப் போகவில்லை, வெளிநாட்டுக்கும் போகவில்லை.

ஐஸ் வந்தது. நல்லது நடக்கவில்லை என்று நான் சொல்லமாட்டேன். சோளகக் காற்றுக் காலத்தில் அழுகிக் குழியில் கொட்டிய மீன் எல்லாம் காசானது. வள்ளக்காரர் பலர் வீட்டுக்கு ஓடு போட்டார்கள். வாப்பாவுக்கு இயந்திரம் பார்க்கும் வேலை கிடைத்தது, இன்றுவரை அந்தச் சம்பளத்தில்தான் இருக்கிறோம். எட்டுப் பெண்களைப் பெட்டி கட்ட எடுத்தார்கள். அவர்களைத் தெரிவு செய்து கொடுத்ததும் நான்தான். ஆனால் ஐஸ் இருக்கும்போது மீனைக் கரையில் விட்டுவைக்க யாருக்குப் பைத்தியம்? சூடையும் காரலும்கூடப் பெட்டியில் ஏறி மாலை லொறிக்குக் காத்திருந்தன. கூடை முறை ஒரே மாதத்தில் நின்றது. கருவாடு போட வேண்டுமென்றால் பெண்கள் லொறிக்காரனின் விலைக்கு வாங்க வேண்டும். அது யாருக்குக் கட்டும்? எட்டுப் பேருக்கு வேலை வந்தது, முப்பத்துச் சொச்சம் பேருக்குக் கை வெறுமையானது. கம்பனியின் அறிக்கையில் மட்டும் தொழில் இல்லாத ஊரில் எட்டுப் பேருக்குத் தொழில் கிடைத்திருந்தது. அது தவறு என்று ஒரு கணக்காளனும் கண்டுபிடிக்க முடியாது, ஏனென்றால் தொடக்கத்தில் என்ன இருந்தது என்பதை நானே அழித்துவிட்டேன்.

இதுவரை சொன்னது அறியாமல் செய்த பிழை. இனிச் சொல்லப்போவது அறிந்து செய்தது. இதை வாப்பாவுக்கே நேற்றுவரை நான் சொன்னதில்லை.

அடுத்த வருடம் பார்வையிட ஆட்கள் வந்தார்கள். அவர்கள் திருப்தியாகப் போனால்தான் மிச்ச முதல் வரும். சாச்சா என்னிடம், “மதினி, பொம்பளைகள நீங்க பாத்துக்கொள்ளுங்க” என்றார். அதற்குள் அவர் எனக்கு மாதாமாதம் ஒரு கொடுப்பனவு தரத் தொடங்கியிருந்தார், இணைப்பாளர் என்று ஒரு பெயரும் வைத்திருந்தார். நான் பார்த்துக்கொண்டேன். எட்டுப் பேரையும் நல்ல உடுப்பில் வரச் சொன்னேன். மற்றவர்களில் வாயில்லாத நான்கைந்து பேரைச் சேர்த்துக்கொண்டேன். பௌசியா மாமிதான் எனக்குத் தலையிடி. புருஷன் மௌத்தான பிறகு கருவாட்டிலேயே நின்றவர், “வரட்டும், வந்தவங்கட மூஞ்சிக்கு நேர கேக்கிறன்” என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். ஆட்கள் வருவதற்கு முதல் நாள் அவர் வீட்டுக்குப் போனேன். “பௌசியா, விதவைமாருக்கு ஏதோ படிவம் குடுக்கிறாங்களாம், நாளைக்குத்தான் கடைசி நாளாம், விடிய பஸ்ஸில புத்தளம் கச்சேரிக்குப் போங்க” என்று பஸ் காசும் கொடுத்தேன். அரசாங்கக் கச்சேரியில் அப்படி ஒரு படிவமே கிடையாது. பாவம், எனக்காக துஆச் செய்துவிட்டுப் போனார்.

வந்தவர்களில் நரைத்த தலையோடு ஒரு வெள்ளைக்கார அம்மா. நல்ல மனுஷி, கதிரையில் உட்காராமல் எங்களோடு பாயில் உட்கார்ந்தார். எல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியில், மொழிபெயர்க்க வந்த தம்பியிடம் ஒன்று கேட்கச் சொன்னார். “இந்த ஐஸ் வந்ததால முந்தி இருந்ததவிட யாராவது கஷ்டப்பட்டுப் போனாங்களா?” பார், மகன். கேட்க வேண்டிய கேள்வியை அவர் கேட்டார். உன் படிப்பிலும் இதைக் கேட்கத்தான் சொல்லித் தந்திருப்பார்கள். கூட்டம் முழுவதும் என் முகத்தைப் பார்த்தது. நான் “இல்ல, ஒருத்தரும் இல்ல” என்றேன். அவர் சிரித்துக்கொண்டே எழுதினார். பதில் சொல்ல வேண்டியவர் அந்த நேரம் கச்சேரியில் இல்லாத படிவத்துக்கு வரிசையில் நின்றுகொண்டிருந்தார்.

பௌசியா அடுத்த வருடம் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனார். அவர் மகள் எங்கள் வீட்டில் நோன்பு திறந்ததெல்லாம் உனக்கு ஞாபகம் இருக்கும். ஒரு நாள் நீ உன் பங்குக் கஞ்சியை அவளுக்கு ஊற்றிக் கொடுத்தாய். நான் அதைப் பார்த்துவிட்டுக் கிணற்றடிக்குப் போய் அழுதேன். எனக்குக் கிடைத்த கொடுப்பனவில்தான் புத்தளத்தில் உனக்கு டியூஷன் காசு கட்டினேன். இதையும் நீ அறிந்திருக்க வேண்டும். உன்னைக் குத்திக் காட்டச் சொல்லவில்லை. உன் பிழை அதில் ஒன்றுமில்லை. ஆனால் நீ ஏறி நிற்கும் படியில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் நீ வியாழக்கிழமை இங்கே வரக்கூடாது.

சரி, இப்போது என்ன நடந்தது என்று சொல்கிறேன். சனிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு சாச்சா வந்தார். கையில் ஒரு பட்டியல். “மதினி, இந்தப் பேர்கள் போதும். பௌசியா மட்டும் வாணாம், குவைத்தால வந்ததில இருந்து அவட கதையே சரியில்ல” என்றார். சாச்சா கெட்டவர் என்று நினைக்காதே. ஊருக்கு நல்லது செய்கிறேன் என்று அவர் உண்மையாகவே நம்புகிறார், அதனால்தான் எனக்குப் பயமே. பட்டியலோடு ஒரு படிவத்தின் பிரதியும் இருந்தது. வாங்கிப் பார்த்தேன். பெயர், வயது, பிள்ளைகள், தொழில். எல்லாருக்கும் நேரே ‘தொழில் இல்லை’. என் பழைய படிவத்தைப் பார்த்தே நிரப்பியிருக்கிறார், இரண்டு பேரின் பிள்ளைகளின் வயதுகூடப் பன்னிரண்டு வருடமாக ஏறவில்லை. அதே படிவம்தான் உன் கோப்பிலும் இருக்கும். எடுத்துப் பார்.

நீ அந்தப் பிள்ளைகளின் வயதைக் கவனித்தாயா? இல்லையென்றால் ஏன் இல்லை? கேட்கிறேன் என்று கோபப்படாதே. நீ ஊர்ப் பிள்ளை, நீயே கவனிக்கவில்லை என்றால் கொழும்பில் யார் கவனிப்பது?

நேற்று நீ தொலைபேசியை வைத்த பிறகு பௌசியா வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்றே எல்லாவற்றையும் சொன்னேன், கச்சேரிக்கு அனுப்பியதையும் சொன்னேன். அவர் என்னை உள்ளே கூப்பிடவில்லை. “நான் அண்டைக்கு மத்தியானம் வரைக்கும் வரிசையில நிண்டன். பாணும் பிளேன் டீயும் குடிச்சிட்டுத் திரும்பி வந்தன். ஒங்கட பஸ் காசு வீணாப் போச்சே எண்டு ஒங்களத்தான் நான் தேத்தினன்” என்றார். நான் மன்னிப்புக் கேட்டேன். “எனக்கிட்டக் கேட்டு என்ன? ஒங்கட மகன் வாறாராம். வந்து கதைங்க எண்டு என்னைக் கூப்பிடாதீங்க, நான் வரமாட்டன். அண்டைக்கு என்னை அனுப்பின வாயாலயே நீங்க சொல்லுங்க” என்று கதவைச் சாத்தினார்.

வாப்பாவுக்கும் இரவே சொல்லிவிட்டேன். இன்று காலை தேநீர் குடிக்காமல் எழும்பினார். “நீ இதை எழுதி அனுப்பினா தம்பி என்னை வேலையில வைப்பானா? நாங்க இந்த ஊர்ல எப்பிடி இருக்கிறது?” என்று கேட்டார். யுத்த காலத்தில் மன்னாரிலிருந்து எங்களை விரட்டியபோது ஒரே பையோடு ஊரை விட்டு வந்தவர், அவர் பயத்தை நான் பழிக்கமாட்டேன். ஆனாலும் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அவர் போன பிறகு களப்புக் கரைக்குப் போனேன். வலையில் சிக்கி வரும் நண்டைக் கழற்றப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு வலைக்கு இவ்வளவு என்று கொஞ்சம் காசு, கால் உடைந்த நண்டு அவர்களுக்கு. பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டு செய்யலாம், வீட்டில் உலை வைத்துவிட்டு வந்து செய்யலாம், முழங்கால் வருத்தக்காரியும் செய்யலாம். இந்த முறை நான் “தொழில் என்ன?” என்று கேட்கவில்லை. “நேத்து விடிய சுபஹில இருந்து ராவு இஷாவரைக்கும் என்னென்ன செஞ்சீங்க?” என்று கேட்டேன். ஒவ்வொருத்தியாகச் சொல்லச் சொல்ல எழுதினேன். இன்று வராதவர்களையும் அவர்கள் சொன்ன கணக்கில் சேர்த்தால் மொத்தம் எழுபத்து மூன்று பேர். நண்டுத் தொழிற்சாலை வந்தால் வலை நேராக அங்கேதான் போகும். சாச்சாவின் கோப்பில் நாற்பது பேருக்கு வேலை என்று இருக்கிறது, அதுவும் காலை ஏழு மணியிலிருந்து ஐந்து மணிவரை நிற்கக்கூடியவர்களுக்கு. மிச்சப் பேரை உன் படிவத்தில் எந்தக் கட்டத்தில் போடப் போகிறாய்?

தொழிற்சாலையே வேண்டாம் என்று எழுது என்று நான் சொல்லவில்லை. எனக்கு அந்த அறிவும் கிடையாது. நாற்பது சம்பளம் எங்கள் ஊருக்குச் சின்ன விஷயமில்லை. ஆனால் முதல் கை மாற முன்னர் எழுதி வாங்கு. இத்தனை வலை கரையில்தான் கழற்றப்படும், அதை இந்தப் பெண்களே கழற்றுவார்கள் என்று எழுதி வாங்கு. அது நடக்கிறதா என்று பார்த்த பிறகே மிச்சத்தைக் கொடு. கொடுத்த பிறகு கேட்டால் சாச்சா உன் தலையைத் தடவி அனுப்பிவிடுவார். அவர் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் கோப்பை மூடிவிட்டுப் போகத் தெரிய வேண்டும். அது சாச்சாவாக இருந்தாலும், உன் முதல் கோப்பாக இருந்தாலும். அன்று அந்த அம்மாவுக்கு மூடத் தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். நான்தான் அவரை மூடவிடவில்லை.

சங்கக் கட்டடத்துக்கு வராதே. அங்கே உட்கார்ந்தால் கேக்கும் பிளேன் டீயும் வரும், நல்ல பதிலும் வரும். முன்கூட்டிச் சொல்லாமல், சாச்சாவின் வாகனத்தில் ஏறாமல், காலை ஆறரைக்கெல்லாம் கரைக்கு வா. உன் மேலதிகாரியையும் கூட்டி வா. நண்டு கழற்றுபவர்களுக்குப் பக்கத்தில் உட்கார், நீயும் இரண்டு நண்டைக் கழற்று. கடித்தால் தெரியும் அது தொழிலா இல்லையா என்று. ஒருத்தி தயங்கினால் அவளை விட்டுவிடு, இன்னொரு நாள் தனியே வந்து கேள். நீ யார் மகன் என்று அவர்களுக்குத் தெரியும், அதனால் உனக்கு அவர்கள் முழு உண்மையும் சொல்லமாட்டார்கள். உன் கம்பனி உன்னை விலக்கி வேறொருவரை அனுப்பினால் அதுதான் சரி. உனக்கு அவமானமாக இருக்கும், வேலைகூடப் போகலாம். போனால் வீட்டுக்கு வா. வாப்பாவும் நீயும் வேலையில்லாமல் இருந்தால் உங்களுக்கு நான் கருவாடு போட்டு உழைத்துச் சோறு போடுவேன். அப்போதாவது என் படிவத்தில் சரியாக எழுதலாம்.

நீ வந்தாலும் வேறு யார் வந்தாலும் நான் வியாழக்கிழமை கரையில் இருப்பேன். எனக்கு ஸலாம் சொல், ஆனால் அங்கே என்னை உம்மா என்று கூப்பிட்டு வேறு பக்கம் அழைத்துப் போகாதே. அந்த வெள்ளைக்கார அம்மா கேட்டதை எல்லாருக்கும் கேட்கும்படி கேள். போன முறை யாராவது கஷ்டப்பட்டுப் போனாங்களா, அதை மறைச்சது யார்? நான் கையைத் தூக்குவேன். உன் மேலதிகாரிக்கு முன்னால், சாச்சாவுக்கு முன்னால், வாப்பா வந்திருந்தால் அவருக்கு முன்னாலும் தூக்குவேன். அப்போது உன் பேனை நிற்கக்கூடாது, மகன். என் பெயரை முழுதாக எழுது. உறவுமுறை என்று ஒரு கட்டம் இருந்தால், தாய் என்று எழுது.

உம்மா